குப்பைத் தொட்டியும் பறவைகளும்: தானாகப் பூட்டிக்கொள்ளும் மூடிப்பூட்டு பற்றி ஒரு மதிப்புரை

வெளியில் வைக்கும் குப்பைத் தொட்டிகளுக்கென்று விற்கப்படும் மூடிப்பூட்டுகளில், தொட்டி நிமிர்ந்து நிற்கும் வரை பூட்டியே இருந்து, குப்பை வண்டி அதைத் தூக்கிக் கவிழ்க்கும்போது மட்டும் தானாகத் திறந்துகொள்ளும் வகை ஒன்று உண்டு. உள்ளே தொங்கும் ஓர் எடைக்கட்டியின் ஈர்ப்பில் இயங்குவதால் இதை ஈர்ப்புப் பூட்டு என்கிறார்கள். காகமும் கடற்காகமும் மூடியைக் கிளப்பிப் பையைக் கிழித்து, உள்ளே இருப்பதை வெளியே இறைப்பதைத் தடுப்பதற்காக இதை 240 லிட்டர் சக்கரத் தொட்டி ஒன்றில் பொருத்திப் பயன்படுத்தி வருகிறேன். அதற்கு முன்பு அதே தொட்டியில் ரப்பர்ப் பட்டையும் கொக்கியும் இருந்தன. பல தயாரிப்பாளர்கள் ஏறக்குறைய ஒரே அமைப்பில் இந்தப் பூட்டைச் செய்வதால், குறிப்பிட்ட ஒரு பெயரைவிட இந்த வகையையே மதிப்பிடுவது வாசகருக்குப் பயன்படும். வண்டியின் இயந்திரக் கை தொட்டியைக் கவிழ்க்கும் இடங்களில் இதைவிட நல்ல தீர்வை நான் பார்த்ததில்லை. பணியாளர் கையால் மூடியைத் திறந்து பையை எடுக்கும் இடங்களில் இதை வாங்குவது வீண்செலவு.

பூட்டைப் பற்றிப் பேசுவதற்கு முன், பறவை எப்படி உள்ளே நுழைகிறது என்பதைப் பார்க்கவேண்டும். ஏனெனில் விற்பனையில் உள்ள பொருள்களில் பாதி அதைக் கவனிக்காமலேயே செய்யப்பட்டவை. பெரும்பாலான பறவைகள் மூடிய தொட்டியைத் திறப்பதில்லை. மூடாத தொட்டியைத்தான் பயன்படுத்திக்கொள்கின்றன. அளவுக்கு மேல் நிரம்பிய தொட்டியின் மூடி பையின் மேல் சாய்ந்து நிற்கும். அந்த இடைவெளியில் பையின் ஒரு முனை தெரியும். விளிம்பில் அமரும் காகத்துக்கு அதுவே போதும். பையின் முனையை அலகால் பற்றி இழுத்து, காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டு மீண்டும் இழுத்து, கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கொண்டுவந்து கிழிக்கிறது. வீட்டுக் காகத்தின் எடை ஏறத்தாழ 300 கிராம்தான் என்றாலும், அது மூடியோடு மல்லுக்கட்டுவதில்லை. பையோடு மட்டுமே மல்லுக்கட்டுகிறது.

மூடியைத் தூக்கியே திறக்கும் பறவைகளும் இருக்கின்றன. பின்புறம் கீலில் மாட்டியிருக்கும் மூடியின் முன்விளிம்பை உயர்த்த அதன் முழு எடையையும் தூக்கவேண்டியதில்லை, ஏறக்குறைய பாதி எடைக்குரிய விசை போதும். விளிம்பிலிருந்து மூடியைச் சற்றே விலக்கிவிட்டால், பிறகு அதைத் தாங்கிக்கொண்டே பக்கவாட்டில் நடந்து பின்னால் தள்ளிவிடலாம். ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் மஞ்சள் கொண்டையுடைய காக்கட்டூ கிளிகள் இதைத்தான் செய்கின்றன. முன்விளிம்பை அலகால் நெம்புவது, தாங்கிப் பிடிப்பது, விளிம்பின் மீதே கீலை நோக்கி நடப்பது, கடைசியில் மூடியைப் புரட்டிவிடுவது என்று அதில் ஒழுங்கான வரிசையே இருக்கிறது. 2018-க்கு முன் மூன்று புறநகர்ப் பகுதிகளில் மட்டுமே பதிவாகியிருந்த இந்தப் பழக்கம், 2019-இன் இறுதிக்குள் 44 பகுதிகளுக்குப் பரவிவிட்டது என்று 2021-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான ஆய்வு காட்டியது. ஒரு பறவை இன்னொன்றைப் பார்த்துக் கற்றுக்கொண்டதால் பரவிய பழக்கம் இது. இடத்துக்கு இடம் திறக்கும் முறையில் சிறுசிறு வேறுபாடுகள்கூட இருந்தன. பூட்டு வாங்குபவர் இதிலிருந்து எடுத்துக்கொள்ளவேண்டிய செய்தி ஒன்று உண்டு. நம் தொட்டியைத் திறக்கக் கற்றுக்கொண்ட ஒரு பறவை, பக்கத்துத் தொட்டிகளுக்கும் சேர்த்தே ஒரு வழியைக் கண்டுபிடித்துவிட்டது.

ஈர்ப்புப் பூட்டின் இயக்கம் எளியது. மூடியின் விளிம்பிலோ தொட்டியின் உடலிலோ பொருத்தப்படும் ஒரு சிறு பெட்டிக்குள் கனமான எடைக்கட்டி ஒன்று தொங்குகிறது. தொட்டி நிமிர்ந்திருக்கும்போது அந்த எடை கீழ்நோக்கி இழுப்பதால் கொக்கி தன் பிடியிலேயே நிற்கும். வண்டியின் தூக்கி தொட்டியைத் தலைகீழாகச் சாய்க்கும்போது எடை எதிர்ப்பக்கம் நகர, கொக்கி விடுபட்டு, மூடி தன் எடையாலேயே திறந்து குப்பை கொட்டிவிடும். தொட்டி மீண்டும் கீழே இறங்கும்போது மூடி விழுந்து தானாகவே பூட்டிக்கொள்ளும். நாமாகத் திறப்பதற்குச் சாவியோ திருகும் குமிழோ இருக்கும். மின்கலம் இல்லை, சத்தம் இல்லை, பராமரிப்பு என்று பெரிதாக எதுவும் இல்லை.

இந்தப் பூட்டுக்கு நான் கூடுதல் மதிப்புக் கொடுப்பதற்குக் காரணம் அதன் வலிமையல்ல. வலிமையில் நல்ல ரப்பர்ப் பட்டையும் எந்தப் பறவைக்கும் அசைந்து கொடுக்காது. ஆனால் பட்டையை ஒவ்வொரு முறையும் யாராவது இழுத்து மாட்டவேண்டும். அவசரத்தில் பையைப் போட்டுவிட்டு ஓடுபவர், கையில் அழுக்கு ஒட்டிவிடுமோ என்று தயங்குபவர், பட்டையை இழுக்க விரல்களில் வலுவில்லாத முதியவர், மழையில் குடையுடன் நிற்பவர் என்று ஒரு வீட்டில் நான்கு பேர் இருந்தால், மாட்டாமல் விடுவதற்கு நான்கு காரணங்கள் இருக்கும். ஈர்ப்புப் பூட்டோ மூடியைக் கைவிட்டாலே பூட்டிக்கொள்கிறது. நினைவில் வைத்துக்கொள்ளும் பொறுப்பை மனிதரிடமிருந்து எடுத்துப் பொருளிடமே கொடுத்துவிடுகிறது என்பதுதான் இதன் உண்மையான சிறப்பு. இந்த வேறுபாடு மேலோட்டமாகத் தோன்றுவதைவிடப் பெரியது. எப்போதாவது இரை கிடைக்கும் இடத்தை, எப்போதுமே இரை கிடைத்துப் பின்னர் நின்றுபோன இடத்தைவிட நீண்ட காலம் விலங்குகள் விடாமல் சோதித்துப் பார்க்கும் என்பது நடத்தையியலில் நன்கு நிறுவப்பட்ட உண்மை. பத்து முறையில் ஒன்பது முறை மாட்டப்படும் பட்டை, நமக்குப் பெரும்பாலும் வெற்றியாகத் தெரியும். காகத்துக்கோ அது விடாமல் வந்து பார்க்கவேண்டிய தொட்டியாகிவிடும்.

பட்டை இருந்த காலத்தில் எங்கள் தொட்டியின் மேல் காலையில் காகங்கள் வந்து அமர்ந்து விளிம்பைச் சுற்றிப் பார்ப்பது வழக்கமாக இருந்தது. பட்டை மாட்டியிருந்த நாள்களிலும் அவை வந்தன. ஈர்ப்புப் பூட்டு வந்த பிறகு சில காலம் அதே வருகை தொடர்ந்து, பின்னர் மெல்லக் குறைந்தது. இப்போதும் எப்போதாவது ஒன்று வந்து பார்த்துவிட்டுப் போகிறது. அதை யாரும் குறையாகச் சொல்லமாட்டார்கள் என்று நம்புகிறேன்.

பொருத்துவதில்தான் இந்தப் பூட்டின் சோதனை இருக்கிறது, வாங்குபவர் அதிகம் கவனிக்கவேண்டிய இடமும் அதுவே. இரு சக்கரத் தொட்டிகளின் முன்விளிம்புக்கு அடியில் ஒரு மடிப்பு இருக்கும்; வண்டியின் தூக்கியிலுள்ள பற்கள் அந்த மடிப்பில்தான் நுழைந்து தொட்டியைத் தூக்குகின்றன. ஐரோப்பிய ‘இ.என். 840’ தர வரையறை இத்தகைய தொட்டிகளின் அளவுகளை வகுத்துவைத்திருப்பதற்கு ஒரு காரணம், எந்தத் தயாரிப்பாளரின் தொட்டியையும் அந்த வகைத் தூக்கி பிடித்துக்கொள்ளவேண்டும் என்பதே. பூட்டின் எந்தப் பகுதியும் அந்த மடிப்பை மறைக்கக்கூடாது. மறைத்தால் முதல் நாளே தூக்கியின் பற்கள் பூட்டை நசுக்கிவிடும், அல்லது தொட்டி பிடிபடாமல் வண்டிக்குள்ளேயே விழுந்துவிடும். முன்புறத்தின் நடுவில் பொருத்தும்படி படம் போட்டு விற்கப்படும் பூட்டுகளும் உள்ளன. அவற்றில் தூக்கிக்கு வேண்டிய இடம் விடப்பட்டிருக்கிறதா என்று அளந்து பார்க்காமல் துளையிடவேண்டாம். பக்கவாட்டில் பொருத்துபவை இந்த வகையில் பாதுகாப்பானவை.

அடுத்தது துளை. இந்தத் தொட்டிகள் அடர்த்தி மிகுந்த பாலி எத்திலீனால் ஆனவை. அது எளிதில் உடையாத பொருள்தான். ஆனால் மென்மையானது, தொடர்ந்து இழுபடும் இடத்தில் நாளடைவில் நெகிழ்ந்து கொடுக்கும் குணமுடையது. சிறிய வாஷரோடு போல்ட்டை முடுக்கினால், வண்டி தொட்டியைப் பல முறை உதறிய பிறகு போல்ட்டின் தலை துளை வழியாகவே பிடுங்கிக்கொண்டு வரும். எனக்கு வந்த பெட்டியில் இருந்த வாஷர்கள் இந்த வேலைக்குப் போதாதவை. உள்பக்கமும் வெளிப்பக்கமும் அகலமான, துருப்பிடிக்காத எஃகு வாஷர்களைத் தனியாக வாங்கிப் போட்டேன். தயாரிப்பாளர் இதில் மிச்சம் பிடித்திருப்பது எனக்குப் புரியவில்லை. மொத்தப் பூட்டின் ஆயுளும் அந்தச் சிறு வட்டத்தில்தான் நிற்கிறது.

வெயில் இன்னொரு சிக்கல். பாலி எத்திலீன் சூட்டில் கணிசமாக விரியும்; நீண்ட நேரம் வெயிலில் நிற்கும் தொட்டியின் மூடி நடுவில் உப்பி, மூலைகள் லேசாக உயரும். காலையில் துல்லியமாகப் பூட்டிய கொக்கி நண்பகலில் தன் பிடியை எட்டாமல் போவதற்கு இதுவே காரணம். நல்ல பூட்டுகளில் கொக்கி விழும் இடம் நீள்துளையாக இருக்கும், மேலும் கீழும் சற்று நகர்த்திச் சரிசெய்யலாம். ஒரே நிலையில் இறுகிவிடும் மலிவான வகைகளில் அந்த வசதி இல்லை. கடையில் பார்க்கும்போது மற்ற எதையும் பார்க்காவிட்டாலும் இதைப் பாருங்கள் என்பேன்.

பழகிய பின் தெரிந்த குறைகளும் உண்டு. மூடியை மெல்ல இறக்கிவைத்தால் கொக்கி சில சமயம் பிடிப்பதில்லை. சிறு உயரத்திலிருந்து விழவிடவேண்டும், அதனால் எழும் சத்தம் இரவில் அண்டை வீட்டாருக்குப் பிடிக்காது. எடை தொங்கும் பெட்டிக்குள் மண்ணும் ஒட்டும் கழிவும் சேர்ந்தால் இயக்கம் தடுமாறுகிறது. அவ்வப்போது தண்ணீரைப் பீய்ச்சி அடித்தால் சரியாகிவிடும், ஆனால் எண்ணெய் இடுவது தூசியைப் பிடித்துவைப்பதால் நல்லதல்ல. பனி உறையும் இடங்களில் உள்ளே ஈரம் உறைந்து பூட்டு இறுகிவிடும். சாவியால் திறக்கும் வகையைவிடக் குமிழ் வகையே வீட்டுக்கு ஏற்றது. ஒரு கையில் பை இருக்கும்போது மறு கையால் சாவியைத் தேடுவது எவருக்கும் பிடிக்காத வேலை, சாவியைப் பூட்டிலேயே தொங்கவிட்டுவிடுவதுதான் அதன் முடிவு. அலகும் கால்களும் மட்டுமே கொண்ட எதிராளிக்குக் குமிழே போதுமான தடை. காக்கட்டூ போன்ற, எதையும் திருகியும் கடித்தும் பார்க்கும் கிளிகள் உள்ள இடங்களில் மட்டும் இதை மறுபடி யோசிக்கவேண்டும்.

எந்தப் பூட்டும் செய்யமுடியாத ஒன்று, நிரம்பி வழியும் தொட்டியை மூடுவது. மூடி முழுமையாக இறங்காவிட்டால் ஈர்ப்புப் பூட்டு ஓர் அலங்காரப் பொருள்தான். பட்டைக்கு இந்த இடத்தில் ஒரு சிறிய சலுகை இருக்கிறது: சற்றுத் தூக்கி நிற்கும் மூடியையும் அது இழுத்து அமுக்கிப் பிடிக்கும். ஆனாலும் இடைவெளியில் பை தெரிந்தால் காகம் அங்கிருந்து இழுக்கத்தான் செய்யும். வாரத்துக்கு ஒரு முறை வண்டி வரும் வீட்டில் தொட்டி தவறாமல் நிரம்பி வழிகிறது என்றால், பூட்டுக்குச் செலவழிப்பதற்கு முன் 240 லிட்டரிலிருந்து 360 லிட்டருக்கு மாறுவதையோ, அட்டைப்பெட்டிகளை மடித்துத் தனியே கொடுப்பதையோ யோசிப்பது அறிவு. தொட்டிக்குப் பக்கத்தில் பையைத் தரையில் வைத்துவிட்டுப் பூட்டைப் புகழ்பவர்களைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

இனி, இதற்கு மாற்றாகச் சொல்லப்படுபவை. மூடியின் மேல் செங்கல் வைப்பது உலகெங்கும் முதலில் தோன்றும் யோசனை. சிறு பறவைகளுக்கு அது போதும். ஆனால் சிட்னியில் காக்கட்டூக்கள் செங்கல்லைத் தள்ளிவிடவே கற்றுக்கொண்டதால், மக்கள் எடையை மூடியோடு சேர்த்துக் கட்டவும், கீலுக்கு இடையில் செருப்பையோ குச்சியையோ செருகவும் தொடங்கினார்கள் என்று 2022-இல் ‘கரன்ட் பயாலஜி’ இதழில் அதே ஆய்வாளர்களில் சிலர் எழுதினார்கள். மனிதர்களும் தங்கள் அண்டை வீட்டாரைப் பார்த்தே இந்த வழிகளைக் கற்றுக்கொள்கிறார்கள் என்பதும் அந்த ஆய்வில் தெரியவந்தது. செங்கல்லின் உண்மையான குறை வேறு: வண்டி வரும் முன் அதை யாராவது எடுக்கவேண்டும், எடுத்த பின் மீண்டும் வைக்கவேண்டும். பட்டையின் குறையேதான் இதுவும், கூடவே காலில் விழும் ஆபத்து.

பயமுறுத்தும் பொருள்களை நான் பரிந்துரைப்பதில்லை. பிளாஸ்டிக் ஆந்தை, மினுக்கும் நாடா, பழைய குறுந்தகடு, கண் வரைந்த பந்து ஆகியவை முதலில் சற்று வேலை செய்யும். அசையாத, தீங்கு செய்யாத ஒன்றைப் பறவைகள் விரைவில் பழகிக்கொள்ளும். ஆந்தையைப் பொறுத்தவரை இன்னும் வேடிக்கை: ஆந்தையைக் கண்டால் காகங்கள் கூட்டம் சேர்த்துச் சூழ்ந்து விரட்டுவது இயல்பு என்பதால், தொட்டிக்கு மேல் ஆந்தையை நிறுத்துவது சில நாள்களுக்காவது காகங்களை வரவழைக்கும் செயலாகவே முடியலாம். கடற்காகங்கள் மனிதர் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தால் உணவை நெருங்கச் சராசரியாக 21 வினாடி கூடுதலாகத் தயங்குகின்றன என்று 2019-இல் எக்ஸிடர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள்; இதை வைத்துக் கண் படம் ஒட்டினால் போதும் என்று சொல்பவர்கள், அந்த ஆய்வில் பார்த்தவர்கள் உயிருள்ள மனிதர்கள் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

இவை எல்லாவற்றையும்விட வாங்கக்கூடாதது, மனிதக் காதுக்குக் கேட்காத மிகையொலியை எழுப்பிப் பறவைகளை விரட்டும் என்று விற்கப்படும் கருவி. பெரும்பாலான பறவைகளின் செவி 1 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரையிலான ஒலிக்கே மிகக் கூர்மையாக இருக்கிறது. 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலி அவற்றுக்கு நம்மைப் போலவே கேட்பதில்லை. கேட்காத ஒலிக்கு அஞ்சி எந்தக் காகமும் ஓடப்போவதில்லை. அக்கம்பக்கத்து நாய்க்குத்தான் அது தொல்லை.

தொட்டியே இல்லாமல் பைகளைத் தெருவோரம் அடுக்கிவைக்கும் இடங்களுக்கு ஈர்ப்புப் பூட்டு பொருந்தாது என்பதைச் சொல்லவேண்டியதில்லை. அங்கே வலைதான் வழி. ஜப்பானில் பைகளின் மேல் நீல நிற வலையை விரித்து மூடுவது மிகப் பரவலான காட்சி. வலையின் கண்ணி அலகு நுழையாத அளவு நெருக்கமாகவும், ஓரங்கள் கனமாகத் தரையோடு படிந்தும் இருக்கவேண்டும்; ஓரத்தைத் தூக்கி உள்ளே தலையை விடுவது காகத்துக்கு எளிது. வலை பையோடு ஒட்டிக் கிடந்தால் கண்ணி வழியாகவே பையைக் கொத்தும். தொய்ந்து கிடக்கும் மெல்லிய வலையில் பறவையின் கால் சிக்கிக்கொள்ளும் என்பதால், கெட்டியான வலையே இரு தரப்புக்கும் நல்லது. பிரிட்டனின் கடற்கரை ஊர்கள் சிலவற்றில் கடற்காகங்களுக்காகவே கனத்த நெசவுப் பைகளைக் கொடுத்து, குப்பைப் பையை அதற்குள் வைத்து வெல்க்ரோவால் மூடச் சொல்கிறார்கள். கிழிபடாத துணி, மூடிய வாய், காற்றில் பறக்காத எடை என்று மூன்றையும் ஒன்றில் சேர்த்த அந்த யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது.

காகமும் கடற்காகமும் பெரும்பாலும் பார்வையால் இரை தேடுபவை. ஆகவே ஒளி ஊடுருவாத பை, கண்ணாடிபோல் தெரியும் பையைவிட எப்போதும் நல்லது. உணவுக் கழிவைப் பையின் நடுவில் வைத்துச் சுற்றிலும் மற்றவற்றை அடைப்பதும் பயன் தரும். விடிந்ததும் தேடத் தொடங்கும் பறவைகளுக்கு முந்தைய இரவே தொட்டியை வெளியே தள்ளிவைப்பது அழைப்பு அனுப்புவதற்குச் சமம். வண்டி வரும் நேரம் தெரிந்தால் அதற்குச் சற்று முன் வைக்கலாம்.

பையைக் கையால் எடுக்கும் பணியாளர்கள் வரும் இடங்களுக்கு என் பரிந்துரை, அகலமான கைப்பிடியுடைய ரப்பர்ப் பட்டை. வெயிலைத் தாங்கும் ஈ.பி.டி.எம். ரப்பராக இருந்தால் விரைவில் வெடிக்காது. துணி சுற்றிய இழுபடும் கயிறு ஒரு கோடைக்குள்ளேயே தளர்ந்துவிடும். தடித்த கையுறை அணிந்த கை ஒரே இழுப்பில் கழற்றும்படி கைப்பிடி பெரிதாக இருக்கவேண்டும் என்பது இங்கே முதல் நிபந்தனை. கழற்றுவதற்குச் சிரமமான பட்டை, நாள் முழுதும் நூற்றுக்கணக்கான தொட்டிகளைத் திறப்பவரின் கையில் வெகுநாள் பிழைக்காது, அதில் அவர்மீது குறை சொல்ல எதுவும் இல்லை.

ஈர்ப்புப் பூட்டு வாங்க முடிவு செய்தவர்கள், துளையிடும் கருவியை எடுப்பதற்கு முன் தொட்டி யாருடையது என்று பார்த்துக்கொள்ளவேண்டும். உள்ளாட்சி அமைப்போ குப்பை அகற்றும் நிறுவனமோ கொடுத்த தொட்டி அவர்களுடைய உடைமையாகவே இருக்கக்கூடும், அதில் துளையிடுவதற்கு அவர்களுடைய ஒப்புதல் வேண்டும். பூட்டியிருக்கும் மூடி தங்கள் தூக்கியில் முழுமையாகத் திறக்குமா என்பதையும் அவர்களால்தான் சொல்லமுடியும். ஒப்புதல் கிடைக்காதவர்களுக்கு, துளையில்லாமல் விளிம்பைக் கவ்விப் பிடிக்கும் இறுக்கிகளோடு வரும் வகையும் இருக்கிறது. அதன் பிடி போல்ட்டின் பிடிக்கு ஈடாகாது, அவ்வப்போது முடுக்கிக்கொண்டே இருக்கவேண்டும். என்றாலும் அடுத்த வீட்டுக்குக் குடிபெயரும்போது தொட்டியை அப்படியே விட்டுவிட்டுப் பூட்டை மட்டும் கழற்றி எடுத்துக்கொள்ளலாம்.